மலைக்கு மேலே ஒரு சர்வர், கீழே ஒரு சர்வர்: எஸ்எஸ்எச் வழியாக ஃபைல் அனுப்புவதை வேகப்படுத்துவது எப்படி

போடியில் எங்கள் அலுவலக மொட்டை மாடியில் நின்றால் போடிமெட்டு மலை நேரே தெரியும். 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, பூப்பாறை, நெடுங்கண்டம் என்று போனால் வண்டன்மேட்டில் எங்கள் ஏலக்காய்க் குடோன். இங்கே ஒரு லினக்ஸ் சர்வர், அங்கே ஒரு லினக்ஸ் சர்வர். இரண்டும் பேசிக்கொள்வது எஸ்எஸ்எச் வழியாக, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி (என்க்ரிப்ட் செய்து) அனுப்பும் இணைப்பு. ஒவ்வொரு லாட்டையும் எடை போட்டு, தரம் பிரித்து, படம் எடுத்து வைப்பது அங்கே. கணக்கு பார்ப்பது இங்கே. அதனால் தினமும் ராத்திரி லாட் படங்கள், குடோன் கேமரா வீடியோ, கணக்கு டேட்டாபேஸ் டம்ப் எல்லாம் சேர்ந்து சுமார் 60 ஜிபி மேலிருந்து கீழே இறங்க வேண்டும். புத்தடியிலோ போடியிலோ ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலம் இருக்கிற நாளில், காலையில் படம் கையில் இல்லை என்றால் எங்கள் ஆட்களுக்கு அன்றைக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான்.

ரொம்ப நாள் அது நொடிக்கு 4 எம்பி வேகத்தில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. 60 ஜிபிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். நடுவில் ஒருமுறை கரண்ட் போனால் விடிந்துவிடும். லைன் இரண்டு பக்கமும் 300 எம்பிபிஎஸ் ஃபைபர், அப்லோடும் அதே அளவு. இன்றைக்கு அதே லைனில், அதே மெஷின்களில், என்க்ரிப்ஷனை ஒரு இம்மிகூடக் குறைக்காமல், அதே 60 ஜிபி அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே முடிகிறது. அதற்கு என்னென்ன பார்த்தேன், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன். வரிசை முக்கியம், ஏனென்றால் நான் முதலில் தப்பான இடத்தில் கை வைத்து இரண்டு மாதத்தை விட்டேன்.

கட்டளைகளைப் போனில் சொல்வதுபோலவே சொல்கிறேன். மைனஸ் என்றால் ஒற்றைக் கோடு, இரட்டை மைனஸ் என்றால் இரண்டு கோடு, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது முக்கியமான இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன். மேலே குடோனில் இருக்கும் தம்பிக்கு இப்படிச் சொல்லித்தான் எல்லா வேலையும் ஓடுகிறது.

முதலில் ஒரு கணக்கு. லைன் விற்கிறவர்கள் சொல்வது மெகாபிட், ஃபைல்களை அனுப்பும் ஆர்சிங்க் என்ற கட்டளை காட்டுவது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி, 300 என்றால் 37.5, ஜிகாபிட் என்றால் 125. டிசிபி, ஐபி தலைப்புகளுக்குப் போக கையில் கிடைப்பது இதைவிடக் கொஞ்சம் குறையும். உங்கள் லைனுக்கு உச்சம் எவ்வளவு என்று இந்தக் கணக்கில் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 100 எம்பிபிஎஸ் லைனில் 11 எம்பி வருகிறது என்றால் நீங்கள் வேகப்படுத்த ஒன்றும் இல்லை, சரியாகத்தான் ஓடுகிறது, அதைவிட வேகம் வேண்டுமென்றால் அனுப்புகிற சரக்கைக் குறைக்க வேண்டும்.

நாலு இடத்தில் எது அடைப்பு

ஒரு ஃபைல் இந்த சர்வரிலிருந்து அந்த சர்வருக்குப் போக நாலு இடம் தாண்டுகிறது: படிக்கிற டிஸ்க், என்க்ரிப்ட் செய்கிற சிபியு, லைன், எழுதுகிற டிஸ்க். இதில் எது மெதுவோ அதன் வேகம்தான் மொத்த வேகம். வாய்க்காலில் ஒரு இடத்தில் மண் சரிந்து கிடந்தால் மற்ற இடத்தையெல்லாம் அகலப்படுத்தி என்ன பயன். எனவே ஒவ்வொன்றையும் தனியாக அளக்க வேண்டும், அளக்காமல் எந்த செட்டிங்கையும் தொடக் கூடாது.

டிஸ்க்கை அளக்க: பெரிய ஃபைல் ஒன்றை டிடி கட்டளையால் படித்து டெவ் நல்லுக்கு (எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிடும் இடம்) அனுப்புங்கள், பிளாக் சைஸ் 1எம் கொடுங்கள், முடிவில் நொடிக்கு எவ்வளவு என்று அதுவே சொல்லும். இன்று தொடாத ஃபைலாக எடுங்கள்; இல்லாவிட்டால் நினைவகத்தில் ஏற்கெனவே இருப்பதைப் படித்துவிட்டு நம்ப முடியாத வேகம் காட்டும். எழுதும் பக்கத்தை அளக்கும்போது கன்வ் ஈக்வல் எஃப்டேட்டாசிங்க் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அங்கேயும் நினைவகம்தான் பதில் சொல்லும்.

லைனை அளக்க ஐபெர்ஃப்3. ஒரு பக்கம் மைனஸ் எஸ் கொடுத்து உட்கார வையுங்கள், மறுபக்கம் மைனஸ் சி கொடுத்து அதன் ஐபியைச் சொல்லுங்கள், 5201 என்ற போர்ட்டில் பேசும். கூடவே மைனஸ் பெரிய ஆர் கொடுத்தால் எதிர்த்திசையிலும் அளக்கும். இரண்டு திசையையும் கட்டாயம் பாருங்கள், டவுன்லோடு நன்றாக இருந்து அப்லோடு படுத்துக் கிடப்பது நம் ஊரில் சாதாரணம். இந்தச் சோதனையில் என்க்ரிப்ஷன் எதுவும் இல்லை, டிஸ்க்கும் இல்லை, வெறும் கம்பியின் வேகம் மட்டும்தான். ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை எதிர்ப்பக்க ஐபிக்கு மட்டும் திறந்து, அளந்து முடித்ததும் மூடிவிடுங்கள்.

சிபியுவை அளக்க ஓப்பன்எஸ்எஸ்எல் ஸ்பீடு மைனஸ் இவிபி என்று கொடுத்து ஏஈஎஸ்-128-ஜிசிஎம் ஒருமுறை, சாசா20-பாலி1305 ஒருமுறை. இரண்டும் என்க்ரிப்ட் செய்யும் முறைகள், சைஃபர் என்பார்கள். இதை இரண்டு மெஷினிலும் ஓட்டுங்கள். ஒரு பக்கம் புது மெஷின் என்பதால் இன்னொரு பக்கம் வேகமாகிவிடாது.

கடைசியாக எஸ்எஸ்எச்சை மட்டும் தனியாக: டிடி வழியாக டெவ் ஸீரோவிலிருந்து 1எம் அளவில் 1000 பிளாக் எடுத்து, பைப் போட்டு, எஸ்எஸ்எச் வழியாக எதிர் சர்வரில் கேட் கட்டளைக்குக் கொடுத்து, அங்கே டெவ் நல்லில் கொட்டுங்கள். டிஸ்க் இரண்டும் இதில் இல்லை, லைனும் என்க்ரிப்ஷனும் மட்டும். இதற்கு மைனஸ் சின்ன ஓ கம்ப்ரெஷன் ஈக்வல் நோ என்று சேர்ப்பது அவசியம். வெறும் பூஜ்யங்களைச் சுருக்கினால் ஒன்றுமில்லாமல் போய்விடும், வேகம் பொய்யாக வானத்துக்கு ஏறும்.

இந்த நாலு எண்ணும் கையில் வந்ததும் விஷயம் பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

எலி கடித்த கேபிள்

எங்களுக்கு முதலில் தெரிந்தது லைன்தான், ஐபெர்ஃப்3 சரியாக 94 எம்பிபிஎஸ் காட்டியது. 300க்குப் பணம் கட்டுகிறோம், 94 வருகிறது. நான் இணைய நிறுவனத்தோடு போனில் மல்லுக்கட்டினேன், அவர்கள் ஆள் அனுப்பி ஃபைபரை அளந்து எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள், மறுபடியும் சண்டை. இரண்டு மாதம் இதில்தான் போனது. 94 என்ற எண்ணே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் காதில் விழவில்லை. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் தலைப்புச் செலவு போக டிசிபிக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட அந்த 94தான்.

ஒரு நாள் தம்பியை ஈத்டூல் ஓட்டச் சொன்னேன். ஈத்டூல் என்று அடித்து நெட்வொர்க் கார்டின் பெயரைக் கொடுத்தால் ஸ்பீடு என்று ஒரு வரி வரும்.

"அண்ணே, நூறுன்னு காட்டுது."

"ஆயிரம்னு வரணுமே. நல்லாப் பாரு."

"நூறுதாண்ணே. ஒண்ணு, ரெண்டு சைபர்."

ரவுட்டருக்கும் சர்வருக்கும் நடுவில் இருந்த கேபிளை அவன் கையாலேயே தடவிக்கொண்டே போனான். சாக்குகள் அடுக்கியிருந்த சுவர் ஓரத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், உறை கடித்துக் குதறப்பட்டு நீலக் கம்பி தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. ஜிகாபிட் ஈதர்நெட்டுக்குக் கேபிளில் நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி அறுந்ததும் இரண்டு பக்கமும் சத்தம் போடாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டிருந்தன. எந்த லாகிலும் சிவப்பு எழுத்து இல்லை, எந்த விளக்கும் அணையவில்லை. குடோன் காவல் பார்க்கும் சேட்டன் பைப் ஒன்றை வாங்கி வந்து, புதுக் கேபிளை அதற்குள் விட்டு, சுவர் மேலே ஏற்றிக் கொடுத்தார். ஐபெர்ஃப்3 அன்றைக்கே 285 காட்டியது.

எனவே முதலில் ஈத்டூல். பத்து வினாடி வேலை.

ஆனால் 94 எம்பிபிஎஸ் என்பதே நொடிக்கு 11 எம்பிக்கு மேல் அல்லவா, எங்களுக்கு வந்ததோ 4. கேபிளை மாற்றிய பிறகும் ராத்திரி ஆர்சிங்க் அதே 4தான் ஓடியது. ஆக, அடைப்பு இன்னொரு இடத்திலும் இருந்தது.

பழைய காலத்து செட்டிங்

ஆர்சிங்க் ஓடும்போது மேலே டாப் கட்டளையைத் திறந்து, எண் 1ஐ அழுத்தி, கோர்களைத் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னேன். எஸ்எஸ்எச் பிராசஸ் ஒன்று 100 சதவீதத்தில் நின்றது, மற்ற கோர்கள் சும்மா கிடந்தன. ஒரு எஸ்எஸ்எச் இணைப்பின் என்க்ரிப்ஷன் வேலை ஒரே கோரில்தான் ஓடும், நாலு கோர் இருந்தாலும் எட்டு இருந்தாலும் அது ஒன்றுதான். மொத்த சிபியு 25 சதவீதம் என்று பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள், நாலு கோர் மெஷினில் அதற்கு ஒரு கோர் முழுக்க நிரம்பிவிட்டது என்றும் பொருள் இருக்கிறது.

குடோன் சர்வரில் இருப்பது இன்டெலின் ஆட்டம் (Atom) என்ற பழைய, விலை குறைந்த சிபியு. எஸ்எஸ்எச் கட்டளையில் மைனஸ் சின்ன வி கொடுத்தால் இணைப்பு ஏற்படும்போது என்ன சைஃபர், என்ன மேக் (வழியில் எதுவும் மாறவில்லை என்று சரிபார்ப்பது), என்ன கம்ப்ரெஷன் (சுருக்கம்) என்று ஒரு வரியில் சொல்லும். எங்களுக்கு வந்தது: சைஃபர் ஏஈஎஸ்256-சிடிஆர், கம்ப்ரெஷன் ஸெட்லிப். இரண்டுமே கான்ஃபிக் ஃபைலில் யாரோ எழுதி வைத்தவை, அந்த யாரோ நான்தான். லைன் 2 எம்பிபிஎஸ் இருந்த காலத்தில் கம்ப்ரெஷன் யெஸ் என்று போட்டேன், அப்போது அது சரி. லைன் 150 மடங்கு வேகமாகிவிட்டது, அந்த வரி மட்டும் அப்படியே கிடந்தது. லாட் படங்கள் எல்லாம் ஜேபெக், வீடியோ ஏற்கெனவே எச்264. இவை சுருக்கி வைத்தவைதான், மறுபடி சுருக்கினால் ஒன்றும் குறையாது. அந்தப் பாவப்பட்ட ஆட்டம் 60 ஜிபியையும் விடிய விடிய ஸெட்லிப்பில் அரைத்துக்கொண்டிருந்தது.

கம்ப்ரெஷனை நிறுத்தினேன், 4லிருந்து 17 எம்பி. சைஃபரை மாற்றினேன், 33. அந்த ராத்திரி திரையில் எண்கள் ஓடியதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், எழுந்து போக மனசு வரவில்லை.

எந்த சைஃபர்

இதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். விதி எளிது: உங்கள் சிபியுவில் ஏஈஎஸ்ஸுக்கு வன்பொருள் உதவி இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். எல்எஸ்சிபியு ஓட்டி ஃப்ளாக்ஸ் வரியில் ஏஈஎஸ் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இன்டெலில் இந்த வசதி 2010இல் வெஸ்ட்மியர் சிபியுக்களோடு வந்தது, ஆனால் அதற்குப் பிறகு வந்த விலை குறைந்த சிபியுக்கள் சிலவற்றிலும் இல்லை, எனவே வருடத்தை வைத்து முடிவு செய்யாமல் ஃப்ளாக்கைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4இல் இல்லை, பை 5இல் இருக்கிறது.

இரண்டு பக்கமும் இருந்தால் ஏஈஎஸ்128-ஜிசிஎம். ஒரு பக்கம் இல்லை என்றாலும் சாசா20-பாலி1305. சாசா வெறும் கூட்டல், எக்ஸ்ஓஆர், சுழற்றல் என்று சாதாரண சிபியுவுக்குப் பழக்கமான கணக்கில் ஓடுவது, அதனால் வன்பொருள் உதவி இல்லாத மெஷினில் ஏஈஎஸ்ஸைவிட அதுதான் வேகம். எங்கள் ஆட்டத்துக்கு அதைத்தான் போட்டேன். 128ஆ 256ஆ என்று பயப்பட வேண்டாம், 128 பிட் ஏஈஎஸ் இன்றைக்கும் உடைக்கப்படாதது, 256 சற்று மெதுவானது, இந்த வேலைக்கு 128 தாராளம்.

ஓப்பன்எஸ்எஸ்எச்சில் முதல் விருப்பம் பல வருடமாக சாசாதான். 2025 ஏப்ரலில் வந்த 10.0 பதிப்பில் ஏஈஎஸ்-சிடிஆருக்கு முன்னால் ஏஈஎஸ்-ஜிசிஎம்மை வைத்தார்கள், ஆனாலும் சாசாவே முதலில் நிற்கிறது. எனவே ஜிசிஎம் வேண்டுமென்றால் நீங்களாகத்தான் சொல்ல வேண்டும். எந்த சைஃபர்கள் இருக்கின்றன என்று பார்க்க எஸ்எஸ்எச் மைனஸ் பெரிய க்யூ சைஃபர். தேர்ந்தெடுக்க மைனஸ் சின்ன சி கொடுத்து முழுப் பெயர், அதன் வால் பகுதியான அட் ஓப்பன்எஸ்எஸ்எச் டாட் காம் உட்பட. பெரிய சி கொடுத்துவிடாதீர்கள், அது கம்ப்ரெஷன், போனில் சொல்லும்போது எங்களுக்கே ஒருமுறை மாறிப்போனது. பேச்சுவார்த்தையில் கிளையன்ட்டின் பட்டியல் வரிசைதான் செல்லும், எனவே இணைப்பைத் தொடங்குகிற பக்கத்தில் மாற்றினால் போதும். உங்கள் ஹோம் டைரக்டரியில் டாட் எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைலில் ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் தனித்தனியாக சைஃபர்ஸ் என்று எழுதுங்கள், எல்லாருக்கும் பொதுவாக எழுதாதீர்கள். போடி சர்வரிலிருந்து மும்பையில் வாடகைக்கு எடுத்திருக்கும் பேக்கப் சர்வருக்குப் போகும்போது இரண்டு பக்கமும் ஏஈஎஸ் உண்டு, அங்கே ஜிசிஎம். வண்டன்மேட்டுக்குப் பேசும்போது சாசா.

ஜிசிஎம்மிலும் சாசாவிலும் சரிபார்ப்பு உள்ளேயே இருப்பதால் மேக் செட்டிங்கை மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம், மைனஸ் வி வெளியீட்டில் மேக் இம்ப்ளிசிட் என்றே வரும். அப்புறம் சாசாவைப் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு பக்கமும் ஓப்பன்எஸ்எஸ்எச் 9.6 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா, இல்லை உங்கள் டிஸ்ட்ரோ அந்தத் திருத்தத்தைப் பழைய பதிப்பிலேயே கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். 2023 டிசம்பரில் வெளியான டெராபின் தாக்குதல் சாசாவைத் தொட்டது, ஜிசிஎம்மைத் தொடவில்லை; 9.6இல் சரி செய்தார்கள், ஆனால் இரண்டு பக்கமும் சரி செய்யப்பட்டிருந்தால்தான் பலன்.

பழைய குறிப்புகளில் ஆர்க்ஃபோர் போடு, பிளோஃபிஷ் போடு என்று இருக்கும். ஆர்க்ஃபோர் பலவீனமானது, 2017இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.6இலிருந்து இரண்டையுமே எடுத்துவிட்டார்கள். அவற்றைத் திரும்பக் கொண்டுவர பழைய பதிப்பைத் தேடிப் போகிறவர்களையும், என்க்ரிப்ஷனே வேண்டாம் வெறும் நெட்கேட் போதும் என்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். எங்கள் சரக்கின் படமும் இருப்புக் கணக்கும் நாளைய ஏலத்துக்கு எவ்வளவு வரை போகலாம் என்ற குறிப்பும் அந்த ஃபைல்களில்தான் இருக்கின்றன. அதில் விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள்கூட உண்டு. அரை மணி மிச்சமாகிறது என்பதற்காக அதைத் திறந்த கடிதமாக அனுப்ப எனக்கு உரிமை இல்லை.

சின்ன ஃபைல்கள்

பெரிய வீடியோ 33 எம்பியில் ஓடும்போது, எடைச்சீட்டு ஃபோல்டர் மட்டும் ஊர்ந்தது. ஒவ்வொன்றும் சில கேபி, ஆனால் லட்சக்கணக்கில். எஸ்எஸ்எச்சோடு வரும் எஸ்சிபி என்ற நகல் கட்டளை இதில் படு மோசம், ஒவ்வொரு ஃபைலுக்கும் திறந்தேன், எழுதினேன், மூடினேன் என்று போய் வந்து பேசும். ஒரு முறை போய் வர 38 மில்லிசெகண்ட் என்றால், ஒரு ஃபைலுக்கு இரண்டு மூன்று தடவை பேசினாலே ஒரு லட்சம் ஃபைலுக்கு இரண்டு மணி நேரம் முதல் மூன்று மணி நேரம் வரை வெறும் காத்திருப்பிலேயே போகும். ஆர்சிங்க் காத்திருக்காமல் அடுத்தடுத்து அனுப்பும், எவ்வளவோ மேல்.

முதல் முறையாக மொத்தமாக அனுப்பும்போது இன்னும் நல்லது, எல்லா ஃபைலையும் ஒரே கட்டாகக் கட்டும் டார்: டார் சிஎஃப், ஃபைல் பெயருக்குப் பதிலாக ஒற்றைக் கோடு, ஃபோல்டர் பெயர், பைப், எஸ்எஸ்எச் ஹோஸ்ட், அந்தப் பக்கம் டார் எக்ஸ்எஃப் ஒற்றைக் கோடு மைனஸ் பெரிய சி இலக்கு ஃபோல்டர். எல்லாம் ஒரே ஓட்டமாகப் போகும். அதற்குப் பிறகு தினசரி மாற்றங்களுக்கு ஆர்சிங்க்.

எழுத்தாக இருப்பவை, அதாவது சிஎஸ்வி, லாக், எஸ்கியூஎல் டம்ப் போன்றவற்றுக்குச் சுருக்கம் உண்மையிலேயே உதவும், ஆனால் எஸ்எஸ்எச்சின் ஸெட்லிப் வேண்டாம். இசட்எஸ்டிடி என்ற சுருக்கும் கட்டளையைப் போடுங்கள், மைனஸ் பெரிய டி சைபர் என்றால் எல்லாக் கோர்களையும் எடுத்துக்கொள்ளும், லெவல் 3 போதும். எங்கள் கணக்கு டம்ப் 3 ஜிபி சொச்சம், 400 எம்பியாகச் சுருங்கிப் போகிறது. சுருக்கிய டம்ப்பை அப்படியே வைத்து ஆர்சிங்க் செய்கிறவர்கள் இசட்எஸ்டிடிக்கு இரட்டை மைனஸ் ஆர்சிங்கபிள் கொடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் டம்ப்பின் தொடக்கத்தில் ஒரு வரி மாறினாலும் அதற்குப் பின்னால் சுருக்கிய ஃபைல் முழுக்க வேறாகி, ஆர்சிங்க் எல்லாவற்றையும் மறுபடி அனுப்பும்.

ஆர்சிங்க்கை இரண்டு பக்கமும் 3.2 அல்லது அதற்கு மேல் ஏற்றிவிடுங்கள். 2020இல் வந்த அந்தப் பதிப்பில்தான் எக்ஸ்எக்ஸ்ஹாஷ் என்ற வேகமான சரிபார்ப்பும் இசட்எஸ்டிடியும் உள்ளே வந்தன, இரண்டு பக்கமும் ஆதரித்தால் தானாகவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். பழைய எம்டி5 எங்கள் ஆட்டம் போன்ற மெஷினுக்குச் சுமைதான்.

பக்கத்து ஊர், தூரத்து பாக்கெட்

அந்த 38 மில்லிசெகண்ட் எங்கிருந்து வந்தது என்று, பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டுப் பார்த்தேன். மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம்தான் குடோன், ஆனால் நடுவில் மாநில எல்லை. தமிழ்நாடும் கேரளமும் தொலைத்தொடர்பில் தனித்தனி வட்டங்கள், எங்கள் இரண்டு முனைக்கும் நிறுவனமும் வேறு வேறு. அதனால் எங்கள் பாக்கெட் போடியிலிருந்து மதுரை, சென்னை என்று போய், அங்கிருந்து கொச்சி சுற்றி, வண்டன்மேட்டுக்கு ஏறுகிறது. செங்கோட்டை, வாளையாறு, களியக்காவிளை பக்கம் இருப்பவர்களும் உங்கள் ட்ரேஸ்ரூட்டைப் பாருங்கள், இதே கதையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தூரம் ஏன் முக்கியம் என்றால், எஸ்எஸ்எச்சுக்கு உள்ளேயே ஒரு ஜன்னல் இருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ஒரு சேனலுக்கு அது 2 எம்பி. பதில் வராமல் அதற்கு மேல் அனுப்பாது. எனவே உச்ச வேகம் என்பது 2 எம்பியைப் போய் வருகிற நேரத்தால் வகுத்தது. 38 மில்லிசெகண்டில் நொடிக்கு 50 எம்பிக்குச் சற்று மேல், எங்கள் 300 எம்பிபிஎஸ்ஸுக்குப் போதும். ஆனால் உங்களிடம் ஜிகாபிட் இருந்து அதே 38 என்றால் லைனில் பாதிகூட நிரம்பாது; அமெரிக்காவில் சர்வர் வைத்து 200 மில்லிசெகண்ட் ஆகிறது என்றால் 10 எம்பியோடு நின்றுவிடும், எவ்வளவு பெரிய லைன் வாங்கினாலும். இதற்காகவே பிட்ஸ்பர்க் சூப்பர்கம்ப்யூட்டிங் சென்டர் எச்பிஎன்-எஸ்எஸ்எச் என்று ஒரு வடிவத்தைப் பராமரிக்கிறது. நான் அதைப் போடவில்லை, எளிய வழி ஒன்று இருக்கிறது: பல இணைப்புகளை ஒரே நேரத்தில் ஓட்டுவது. ஒவ்வொன்றுக்கும் தனி ஜன்னல், தனி கோர்.

செய்யும் முறை: ஃபோல்டர் பெயர்களை எல்எஸ் கொண்டு எடுத்து, எக்ஸ்ஆர்க்ஸுக்கு மைனஸ் பெரிய பி 4 கொடுத்து, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு ஆர்சிங்க். நாலுக்கு மேல் போகும் முன் யோசியுங்கள். எதிர்ப்பக்கம் சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் நாலே அதிகம், தலை இங்கும் அங்கும் அலைந்து மொத்த வேகம் குறையும். எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் கன்ட்ரோல்மாஸ்டர் போட்டிருப்பவர்கள் கவனம்: லாகின் சீக்கிரமாக அது நல்ல வசதி, ஆனால் நாலு ஆர்சிங்க்கும் ஒரே டிசிபி இணைப்புக்குள், ஒரே பிராசஸுக்குள் போய் உட்கார்ந்துவிடும். இந்த வேலைக்கு மட்டும் மைனஸ் பெரிய எஸ் நன் கொடுத்து அதைத் தவிர்க்க வேண்டும்.

ஆடி, ஆவணி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் ஃபைபரும் அறுந்து, ஏதோ மாற்று வழியில் லைன் ஓடும். அப்போது பாக்கெட் தவறும். டிசிபியின் வேகத்தைக் கட்டுப்படுத்த லினக்ஸில் வழக்கமாக இருக்கும் க்யூபிக் என்ற முறை, ஒரு பாக்கெட் தொலைந்தாலே வேகத்தைக் குறைத்துவிடும். கூகுள் 2016இல் கொடுத்த பிபிஆர் அப்படிப் பயப்படாது, கெர்னல் 4.9 முதல் இருக்கிறது. டிசிபி பிபிஆர் மாட்யூலை ஏற்றிவிட்டு, சிஸ்சிடிஎல்லில் நெட் டாட் ஐபிவி4 டாட் டிசிபி கன்ஜெஷன் கன்ட்ரோல் என்பதை பிபிஆர் ஆக்குங்கள். அனுப்புகிற பக்கத்தில் மாற்றினால் போதும். நல்ல லைனில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, மழை நாளில் நன்றாகவே தெரிந்தது.

வயர்கார்டு

இரண்டு சர்வரும் நிரந்தரமாக உங்களுடையவை என்றால், எஸ்எஸ்எச்சை விட்டு வயர்கார்டு சுரங்கத்துக்கு (நடுவில் போகும் எல்லாவற்றையும் என்க்ரிப்ட் செய்யும் விபிஎன்) மாறுவதையும் யோசிக்கலாம். லினக்ஸ் 5.6இலிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, அதே சாசா20-பாலி1305தான், ஆனால் என்க்ரிப்ட் செய்யும் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக்கொள்ளும், எஸ்எஸ்எச்சின் 2 எம்பி ஜன்னலும் இல்லை. அதற்குள் ஆர்சிங்க்கை டீமனாக, அதாவது பின்னணியில் எப்போதும் காத்திருக்கும் சேவையாக ஓட்டலாம். ஆர்சிங்க் டீமனுக்குத் தனியாக என்க்ரிப்ஷன் கிடையாது, எனவே அதன் கான்ஃபிக்கில் அட்ரஸ் என்ற வரியில் வயர்கார்டு ஐபியை மட்டும் எழுதி, 873 போர்ட்டை வெளியே அடைத்துவிட வேண்டும். வெளியே இருக்கும் வேறொரு மெஷினிலிருந்து அந்தப் போர்ட்டைத் தட்டிப் பார்த்து உறுதி செய்யாமல் தூங்கப் போகாதீர்கள்.

எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயர்கார்டு 1420 எடுத்துக்கொள்ளும், ஆனால் நம் ஊர் ஃபைபர் பலவும் பிபிபிஓஈ (பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணையும் முறை), அங்கே வெளி எம்டியு 1492தான். 80 கழித்து 1412 என்று வைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பிங் போகும், லாகின் ஆகும், பெரிய ஃபைல் மட்டும் சும்மா தொங்கி நிற்கும்.

அறுந்தால் தொடர, வந்தது சரியா என்று பார்க்க

மலையில் கரண்டும் லைனும் போவது சகஜம், ஆகவே விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் வேகத்தில் சேர்ந்ததுதான். ஆர்சிங்க்குக்கு இரட்டை மைனஸ் பார்ஷியல், இரட்டை மைனஸ் டைம்அவுட் ஈக்வல் 60. எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் சர்வர் அலைவ் இன்டர்வல் 15, அப்போதுதான் செத்த இணைப்பைக் கட்டிக்கொண்டு விடிய விடியக் காத்திருக்காமல் முக்கால் நிமிடத்தில் விட்டுவிடும். ஸ்கிரிப்ட்டில் ஆர்சிங்க் தோல்வியோடு வெளியே வந்தால் ஒரு நிமிடம் நின்று மறுபடி ஓடும்படி ஒரு சுற்று வையுங்கள். கையால் ஓட்டும்போது டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள், உங்கள் திரை அறுந்தாலும் வேலை நிற்காது. மொத்தம் எவ்வளவு போனது என்று பார்க்க இரட்டை மைனஸ் இன்ஃபோ ஈக்வல் ப்ராக்ரஸ்2.

ஆர்சிங்க் சாதாரணமாக அளவும் தேதியும் பார்த்து, இரண்டும் ஒத்தால் ஃபைலைத் தொடாது. எனவே வாரம் ஒருமுறை, நாங்கள் ஞாயிறு மத்தியானம், மைனஸ் சின்ன சி கொடுத்து உள்ளடக்கத்தையே ஒப்பிடச் சொல்கிறோம். இரண்டு பக்க டிஸ்க்கும் முழுக்கப் படிக்கப்படும், நேரம் எடுக்கும், எடுக்கட்டும். போன கார்த்திகையில் அதில்தான் குடோன் டிஸ்க்கில் இரண்டு படம் கெட்டுக் கிடந்தது தெரிந்து, டிஸ்க் மொத்தமாகப் போகும் முன் மாற்ற முடிந்தது.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அந்த நாலு அளவையும் எடுத்து, ஈத்டூல் வரியையும் சேர்த்து, ஒரு ஃபைலில் எழுதும்படி, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டிருக்கிறேன். போன மாதம் 285 இருந்தது இந்த மாதம் 94 என்று வந்தால், இணைய நிறுவனத்துக்குப் போன் போடும் முன் தம்பி சுவரோரம் போய்க் கேபிளைத் தடவிப் பார்ப்பான்.